மல்லிகைப்பூ மாதிரி சோறு

இன்றைக்கும் யார் வீட்டு விருந்திலாவது இலையில் வெள்ளைவெளேரென்று சோறு விழுந்தால், என் உள்ளங்கால்தான் முதலில் மரத்துப் போகிறது. மனசு மறந்ததைக் கால் மறக்க மாட்டேன் என்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள், "என்னக்கா, சாப்புடாம சோத்தையே பாத்துக்கிட்டு இருக்கீங்க?" என்பார்கள். நான் சிரித்துவிட்டுக் கூட்டையும் கீரையையும் இழுத்துப் போட்டுக்கொள்வேன். விருந்து வீட்டில் உட்கார்ந்து சொல்லுகிற கதையா அது? அதனால்தான் இங்கே எழுதுகிறேன். பிள்ளை பெற்றவளுக்குச் சமைத்துப் போடுகிறவர்கள் படித்தால் நல்லது.

ஜப்பான்காரன் காலம். மலாயாவில் யோங் பெங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். துரை ஓடிப்போய்விட்டார். பால் வெட்டு நின்றுவிட்டது. நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகள்தான் லயம், அதைச் சுற்றிக் கால் வைக்க இடமில்லாமல் மரவள்ளி நட்டிருந்தோம். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது என் வீட்டுக்காரரையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எனக்கு வயிறு வெளியே தெரிய ஆரம்பித்திருந்த சமயம் அது. லாரி கண்ணுக்கு மறைவதற்குள், அவருடைய அக்கா காத்தாயி தோட்டத்து மாரியம்மன் வாசலில் போய் நின்று சத்தமாக நேர்ந்துகொண்டார்: "என் தம்பி திரும்பி வர்ற வரைக்கும் எங்க வீட்டு அடுப்புல கவுச்சி ஏறாது தாயே!"

ஏறவில்லை. கருவாட்டு வாசம்கூட வரவிடவில்லை. அடுத்த வீட்டில் ஒரு முட்டை கொண்டுவந்து நீட்டினாலும், "வெச்சுக்கங்க, எங்களுக்கு வேண்டுதல் இருக்கு" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

காத்தாயி அண்ணியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். புருஷனை இளம் வயதில் பறிகொடுத்து, தம்பியைத் தன் பிள்ளையாக வளர்த்தவர். கை வேகமா வாய் வேகமா என்று சொல்ல முடியாது. ஆளுக்கு ஆள் ஒரு பேச்சு உண்டல்லவா, எனக்கு அதையெல்லாம் பொறுக்கி மனசில் வைத்துக்கொள்வதில் ஓர் ஆசை. அண்ணியின் பேச்சு, "நான் இருக்கையில உனக்கென்ன கேடு?" என்பது. கால் தடுக்கினாலும் அதுதான், காய்ச்சல் வந்தாலும் அதுதான். அந்தப் பேச்சைக் கேட்டால் பாதி வலி போய்விடும், பொய் சொல்லவில்லை.

பெண் குழந்தை பிறந்தது. அன்றையிலிருந்து நான் பச்சை உடம்புக்காரி. பச்சை உடம்புக்கு நம்மவர்கள் வைக்கும் பத்தியம் உங்களுக்குத் தெரியும். கீரை குளிர்ச்சி, பால் குடிக்கிற பிள்ளைக்குச் சளி கட்டும். பயறு வாயு, பிள்ளைக்கு வயிறு உப்பும். கடலை பித்தம். சக்கரவள்ளி மந்தம். எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது வெள்ளைச் சோறும் மிளகு ரசமும் சுட்ட பூண்டும்தான். ஊரே மரவள்ளியைத் தின்று ஏப்பம் விடுகிற காலத்தில் வெள்ளைச் சோற்றுக்கு எங்கே போவது? அண்ணி போனார். பெட்டியில் இருந்த சேலைகளை ஒவ்வொன்றாகப் பக்கத்துக் கிராமத்து, அதாவது கம்பத்து, மலாய்க்காரர்களிடம் கொடுத்து நெல் வாங்கி வந்தார். கடைசியில் உடுத்துகிறதற்குக் கோணிச்சாக்குத்தான் மிஞ்சியது. கழுத்துக்கும் கைக்கும் சாக்கில் ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டு, "எப்புடி, ராணி மாதிரி இருக்கேனா?" என்று என் முன்னால் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார்.

நெல்லை உரலில் போட்டு அவரே குத்துவார். முதல் குத்தில் உமி போய்விடும். அரிசி பழுப்பாக இருக்கும். எல்லோரும் அதோடு நிறுத்தி உலையில் போடுவார்கள். அண்ணி விடமாட்டார். புடைத்துவிட்டு மறுபடியும் குத்துவார். மறுபடியும் புடைத்து, மறுபடியும் தீட்டுவார். வியர்வை சாக்கை நனைத்துக் காலில் ஒழுகும். அரிசி பல் மாதிரி வெளுத்த பிறகுதான் உலக்கையைச் சாத்துவார். அதற்கப்புறம் தண்ணீர் தெளியும்வரை கழுவி, பொங்கி, கஞ்சியை வடித்து, "இந்தா புள்ள, மல்லியப்பூ மாதிரி இருக்கு பாரு" என்று என் முன்னால் வைப்பார். அவர் என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டால், "எனக்கென்ன, நானா புள்ள பெத்தேன்?" என்று பேச்சை முடித்துவிடுவார்.

முதலில் கால் விரலில் போட்டிருந்த மெட்டி கழலவில்லை. பிறகு ஒருநாள், என் பாதத்தில் கட்டெறும்பு ஏறிக் கடித்துக்கொண்டிருப்பதை அடுத்த வீட்டுக்காரி சொல்லித்தான் பார்த்தேன். கடித்த வலியே எனக்குத் தெரியவில்லை. கெண்டைக்கால் வீங்கிப் பளபளவென்று ஆனது. எழுந்து நின்றால் நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொண்டது. "பெத்த ஒடம்புல நீர் கோத்துக்கிச்சு" என்று அண்ணி பத்தியத்தை இன்னும் இறுக்கினார். உப்பையும் நிறுத்தினார். அரிசியை இன்னும் ஒரு தரம் தீட்டினார்.

குழந்தை மட்டும் சாதுவாக இருந்தது. முதலில் கரகரத்த குரலில் அழுதது. பிறகு மெல்ல அழுதது. லயத்துப் பெண்களெல்லாம் வந்து பார்த்துவிட்டு, "பொம்பளப் புள்ளன்னா இப்புடி இருக்கணும். அழுவுறது பக்கத்து வீட்டுக்குக் கேக்குதா பாரு!" என்று திருஷ்டி கழித்துவிட்டுப் போனார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஒரு காலையில் குழந்தை வாயைத் திறந்து, முகம் சிவந்து, கைகால்களை உதைத்து அழுதது. ஒரு சத்தமும் வரவில்லை. காற்றுக்கூட வரவில்லை. உதட்டோரம் நீலம் பாரித்திருந்தது. நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி முதல் தடவையாகத் தன் பேச்சைச் சொல்லவில்லை. மாட்டு வண்டி பிடிக்க ஓடினார்.

ஆஸ்பத்திரி என்றால் சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கெல்லாம் பொதுவாக வெள்ளைக்காரன் கட்டி வைத்தது. டாக்டர் போய்விட்டார். கட்டில்களை ஜப்பான்காரன் தன் முகாமுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டான். மிச்சமிருந்தது சிமெண்டுத் தரையும், பாய்களும், ஞானப்பிரகாசம் என்ற டிரசரும்தான். டிரசர் என்றால் டாக்டருக்குக் கீழே இருந்து மருந்து கட்டுகிறவர். இப்போது அவரே எல்லாம். வேதக்காரர், கழுத்தில் சின்னச் சிலுவை தொங்கும்.

வெளியே அத்தாப்பு ஓலை வேய்ந்த கொட்டகையில் காத்துக்கிடந்தோம். காலில் புண் வந்தவர்கள்தான் அதிகம். எலும்பு தெரிகிற புண். அந்த வாடையைப் பற்றி எழுதப் போவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் ஆள் தன் புண்ணில் ஒட்டிய துணியைப் பிய்த்துவிட்டுக்கொண்டே இருந்தார். "ஏன்யா, ஆறவிடாம நோண்டுறீங்க?" என்று அண்ணி அதட்டினார். அவர் சிரித்தார். "ஆறினா சயாமுக்கு ஏத்திருவான்மா. இது என்னோட பாஸ்போட்டு" என்றார். கொட்டகையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்படி ஒரு காலம்.

டிரசர் என்னைப் பார்த்ததும் முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் கட்டை விரலை வைத்து அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது, பிசைந்த மாவில் அழுத்தியது மாதிரி. முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார். நல்ல காலாக இருந்தால் தன்னால் உதறுமாம். என் கால் கட்டை மாதிரி தொங்கியது. "குந்தி எந்திரி" என்றார். குந்தினேன். எழுந்திருக்க முடியவில்லை. அண்ணி கைகொடுக்க வந்தார். டிரசர் தடுத்துவிட்டார். நான் தரையிலேயே கிடந்தேன்.

"வீட்ல என்ன சாப்பாடு?" என்று கேட்டார்.

அண்ணி நிமிர்ந்து நின்றார். "மல்லியப்பூ மாதிரி சோறு ஐயா. எங்க தோட்டத்துலயே வெள்ளச் சோறு திங்கிறவ என் தம்பி பொண்டாட்டி ஒருத்திதான்."

"நீங்க என்ன சாப்புடுறீங்க?"

"நான் என்னத்தையோ திங்கிறேன்."

"என்னத்தையோன்னா?"

அண்ணி சாக்கை இழுத்துவிட்டுக்கொண்டார். டிரசர் அவர் காலையும் அழுத்திப் பார்த்தார். குழி விழவில்லை. "குந்துங்கம்மா" என்றார். அண்ணி குந்தி, விருட்டென்று எழுந்தார். கொட்டகையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தவிடு திங்கிறீங்க. அப்புடித்தானே?"

அண்ணியின் முகம் கறுத்துவிட்டது. நாலு பேர் நடுவில் மாட்டுத் தீனி தின்கிறவள் என்று சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்? "ஆமாய்யா, திங்கிறேன்! புடைச்சுத் தள்ளுற தவிட்ட மரவள்ளி மாவுல கலந்து கீரையப் போட்டுத் தட்டித் திங்கிறேன். உங்க வீட்லயா வந்து கேட்டேன்?"

"சத்து பூராவும் நீங்க தின்னுட்டீங்க. சக்கைய இவளுக்குப் போட்டிருக்கீங்க" என்றார் டிரசர். குரலை உயர்த்தவில்லை. அதுதான் கொடுமை. நிதானமாகத்தான் சொன்னார்.

நோயின் பெயர் பெரிபெரி. அவர் எனக்கு விளக்கினதை அப்படியே சொல்கிறேன். அரிசியின் மேல்தோலில் ஒரு சத்து இருக்கிறது. அது இல்லாவிட்டால் நரம்பு செத்துப் போகும், நெஞ்சு வீங்கும். சிலருக்குக் கால் வற்றிச் சூம்பும், சிலருக்கு நீர் கோத்து ஊதும். எனக்கு வந்தது ஊதுகிற வகை. தாய்க்கு இருந்தால் பாலிலும் அந்தச் சத்து இருக்காது. பால் குடிக்கிற பிள்ளைக்கு நெஞ்சு வீங்கி, தொண்டை நரம்பு மரத்து, குரல் போய்விடும். "சத்தம் வந்துச்சுன்னா பொழைச்சுக்கிட்டான்னு அர்த்தம். வரலேன்னா, இன்னிக்கு இருக்கான்னா நாளைக்குப் பாப்போம்" என்றார். 'இன்னிக்கு இருக்கான்னா நாளைக்குப் பாப்போம்' என்பது டிரசரின் பேச்சு. எல்லா நோயாளிகளுக்கும் அதையேதான் சொல்லுவார்.

இதற்கு ஊசி மருந்து இருந்தது. ஜப்பான்காரன் வாரிக்கொண்டு போய்விட்டான்.

"இனிமே புள்ளைக்குப் பால் குடுக்காத" என்றார்.

அண்ணி பொங்கிவிட்டார். "பெத்தவ பால விஷம்னு சொல்றீங்களா? உங்களுக்கு நாக்கு அழுவிராது?"

"விஷம்னு சொல்லல. வெறும் தண்ணின்னு சொல்றேன். அழுவினா அழுவட்டும் நாக்கு" என்றார் அவர். கடைசியில், வேண்டுதலைப் பற்றி அண்ணி சொன்னபோது மட்டும் கொஞ்சம் இளகினார். "முட்டை இருந்தா சீக்கிரம் தேறும். வேண்டாம்னா விடுங்க. கீரையும் பயறும் தவிடும் எந்தச் சாமிக்கும் ஆகாததில்ல."

வார்டில் எனக்குப் பக்கத்துப் பாயில் தெய்வானை என்று ஒரு பெண். உலு திராம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். என்னைவிடச் சின்னவள். அவளுக்கும் அதே வீக்கம், அவள் மகனுக்கும் அதே ஊமை அழுகை. புருஷன் சயாமில். வேறு நாதியில்லை. ஆஸ்பத்திரியில் போடுகிற அவித்த மரவள்ளிதான் அவளுக்குச் சாப்பாடு. டிரசர் தவிட்டைக் கொதிக்கவைத்து, வடித்து, மறுபடி சுண்டவைத்து, கருப்பட்டி கொஞ்சம் கரைத்து, இரண்டு பிள்ளைகளுக்கும் துணித் திரியால் சொட்டுச் சொட்டாக வாயில் விடுவார். அவர் வீட்டு ஆட்டுப்பால் இருக்கிற நாளில் அதையும் பிரித்துக் கொடுப்பார். கட்டணம் என்று எதையும் கேட்டதில்லை. வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டைக் கையால் தொடமாட்டார். "வெறகு கொண்டாங்க, முருங்கைக் கெளை ஒடிச்சுட்டு வாங்க" என்பார்.

எனக்கு மார் கட்டிக்கொண்டு கல் மாதிரி ஆனது. பிழிந்து தரையில் விட வேண்டும். குழந்தை வாசனையைக் கண்டு முகத்தைத் திருப்பித் திருப்பித் தேடும். வாய் திறந்து அழும். சத்தம் இருந்தால்கூட 'அழுகிறது' என்று சொல்லிக்கொள்ளலாம். ஒரு சத்தமும் இல்லாமல் ஒரு பிள்ளை அழுவதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அடுத்த பாயில் தெய்வானையின் மகனும் அப்படியே. நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பிழிந்துகொண்டிருப்போம்.

நோயாளிகளின் சொந்தக்காரர்கள் பின்பக்கத்துக் கொட்டகையில் சமைத்துக்கொள்ளலாம். அங்கே ஓர் உரல் கிடந்தது. அண்ணி அங்கேயே தங்கிவிட்டார். "ஒரு குத்தோட நிறுத்திருங்க அண்ணி, தவிட்டோட பொங்கிக் கொண்டாங்க" என்று சொல்லி அனுப்பினேன். படுத்துக்கொண்டே காது கொடுத்துக் கேட்டேன். உலக்கைச் சத்தம் நின்றது. முறத்தில் புடைக்கிற சத்தம். அப்பாடா என்று மூச்சு விட்டேன். மறுபடியும் உலக்கை விழ ஆரம்பித்தது. தும், தும், தும் என்று அது பாட்டுக்கு விழுந்துகொண்டே இருந்தது. என் மடியில் குழந்தை நெஞ்சு படபடக்க வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. எழுந்து ஓடிப்போய் அந்த உலக்கையைப் பிடிக்கக் கால் இல்லை. கத்தினாலும் உலக்கைச் சத்தத்தில் அவருக்குக் கேட்காது.

சோறு வந்தது. மல்லிகைப்பூவேதான்.

"அண்ணி, டிரசர் சொன்னாருல்ல."

"அவன் கெடக்கான் வேதக்காரன். பச்ச ஒடம்புக்காரிக்குத் தவிடு போட்டேன்னு நாளைக்கு என் தம்பி வந்து கேட்டா நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு பதில் சொல்றது? சாப்புடு புள்ள."

"வேணாம்."

"உனக்காகத்தான் புள்ள சாக்க கட்டிக்கிட்டு நிக்கிறேன்."

"வேணாம் அண்ணி."

அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு விசுக்கென்று திரும்பித் தெய்வானையின் முன்னால் வைத்தார். "நீ தின்னு தாயி. இவளுக்குக் கிறுக்கு புடிச்சிருக்கு. நீயாவது தின்னு."

தெய்வானை தட்டையே பார்த்தாள். அரிசிச் சோற்றைக் கண்ணால் பார்த்து எத்தனை காலமாயிற்றோ. "அக்கா, டிரசர் ஐயா திட்டுவாரா?" என்று என்னைக் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் கை சோற்றில் இருந்தது. "திட்டட்டும். செத்தாலும் சோறு தின்னுட்டுச் சாவுறேன்" என்று சிரித்துக்கொண்டே தின்றாள். ஒரு பருக்கைகூட விடாமல் விரலை நக்கினாள். மறுநாளும் அண்ணி கொண்டுவந்தார். நான் தள்ளினேன். அவள் தின்றாள். சோறு தின்ற தெம்பில், ராத்திரி டிரசருக்குத் தெரியாமல் மகனுக்குப் பாலும் கொடுத்தாள். டிரசர் சோற்றுத் தட்டைப் பார்த்துவிட்டு அண்ணியைப் பிடித்துக் கத்தினார். "பசிக்குது ஐயா" என்றாள் தெய்வானை. அவர் தட்டை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார். பசிக்கிறவளிடம் எதைச் சொல்லுவார்?

எனக்குத் தவிடு வேண்டும். அது அண்ணியின் தட்டில் இருக்கிறது. அதற்கடுத்த நாள் பகலில், குழந்தையைத் தெய்வானையிடம் விட்டுவிட்டு, கையை ஊன்றி ஊன்றித் தேய்த்துக்கொண்டே கொட்டகைக்குப் போனேன். சமைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கரண்டியைப் பிடித்தபடி பார்த்தார்கள். அண்ணி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் ஒரு தகரத் தட்டை மடியில் வைத்துத் தின்றுகொண்டிருந்தார். கறுப்பாக, கனமாக, ஓரம் கருகிய ஓர் அடை. நான் தட்டைப் பிடித்து இழுத்தேன்.

"எச்சி புள்ள அது! விடு!"

"குடுங்க."

"மாட்டுத் தீனி புள்ள!"

"எம்புள்ள அழுவுறதுக்குச் சத்தம் இல்ல அண்ணி. குடுங்க."

பிய்த்து வாயில் போட்டேன். தவிட்டுப் பொடி தொண்டையைப் பிறாண்டியது. முருங்கைக்கீரை கசந்தது. விழுங்கினேன். மறுபடி பிய்த்தேன். அண்ணி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், யாரோ தன் பிள்ளையை அடிப்பதைப் பார்க்கிற மாதிரி.

அதற்கடுத்த காலையில் தெய்வானையின் மகன் போய்விட்டான். போனதும் யாருக்கும் உடனே தெரியவில்லை. சத்தம் இருந்திருந்தால் நின்றது தெரிந்திருக்கும். அவள் தூங்குகிறான் என்று நினைத்து மடியில் வைத்து ஆட்டிக்கொண்டே இருந்தாள். டிரசர் வந்து கையைப் பிடித்து நிறுத்தினார்.

ஆளில்லாத பிள்ளை. குளிப்பாட்டியது காத்தாயி அண்ணிதான். கிணற்றடியில் பலகையில் போட்டு, வெந்நீர் ஊற்றி, அந்த வீங்கின சின்னக் காலைத் துடைத்தபோது அண்ணியின் கை நின்றது. கட்டை விரலை அந்தக் காலில் வைத்து அழுத்திப் பார்த்தாராம். அவரே பின்னால் சொன்னது. புதைத்துவிட்டு வந்து, கையைக் கூடக் கழுவாமல் வார்டுக்குள் நுழைந்து, டிரசர் முன்னால் நின்றார்.

"ஐயா, நான் தீட்டித் தீட்டிப் போட்ட அரிசிதானா? மறைக்காம சொல்லுங்க."

வேறு யாராக இருந்தாலும் இல்லை என்றிருப்பார்கள். தெய்வானை அங்கேதான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். டிரசர் சிலுவையைத் தொட்டுக்கொண்டார்.

"அந்தப் பய வரும்போதே பாதி போயிட்டான். மிச்சத்துக்கு, ஆமாம்மா. போயி பயற ஊறப் போடுங்க."

அன்றிலிருந்து உலக்கை ஒரு குத்தோடு நின்றது.

அண்ணி அப்புறம் சமைத்ததைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். உமி மட்டும் நீங்கிய அரிசியை ஒரே தண்ணீரில் அலசி, கஞ்சியை வடிக்காமல் குழைய வேகவைப்பார். அன்றன்றைக்குக் குத்தின தவிட்டைச் சலித்து, வெறும் சட்டியில் வாசம் வரும்வரை லேசாக வறுப்பார். ஒருநாள் கழிந்தால் சிக்கு வாடை அடிக்கும், தொண்டையில் இறங்காது. வறுத்த தவிடு இரண்டு பங்கு, மரவள்ளி மாவு ஒரு பங்கு, பொடியாக ஆய்ந்த முருங்கைக்கீரை, பச்சை மிளகாய், உப்பு. வெந்நீர் விட்டுப் பிசைந்து, தகரத்தில் தட்டி, செம்பனை எண்ணெய் ஒரு விரல் தடவி, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து வேகவிட்டால் உள்ளே பச்சை வாடை இருக்காது. சீனன் கடையில் கிடைத்த பச்சைப் பயறை ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி உத்தரத்தில் தொங்கவிட்டு, முளை விட்டதும் தேங்காய்த் துருவல் போட்டு ஒரு புரட்டு, அவ்வளவுதான். அதிகம் வேகவிடக் கூடாது. சக்கரவள்ளிக் கொழுந்தைக் கை நீர் தெளித்து மூடி வதக்கி, அந்தத் தண்ணீரோடேயே போட வேண்டும். எனக்கு விலக்கி வைத்திருந்த குளிர்ச்சியும் வாயுவும் மந்தமும் ஒரே தட்டில் வந்தன. அண்ணி அதைச் சமைத்த மாதிரி யாரும் சமைத்து நான் பார்த்ததில்லை. கோபம் வந்தவர் மாதிரி சமைத்தார்.

தெய்வானைக்கும் ஒரு தட்டு வைப்பார். "ஒரு வாய் தின்னு தாயி." அவள் திரும்பமாட்டாள். டிரசர் கொடுத்தால் வாங்கிக்கொள்வாள். அண்ணி வைத்ததில் எறும்புதான் ஏறும். அண்ணி அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு போய் வெளியே கொட்டிவிட்டு, அடுத்த வேளைக்கும் வைப்பார். திட்டவில்லை, கெஞ்சவில்லை. வைப்பார், எடுப்பார்.

எனக்குக் கால் வீக்கம் வடிந்தது. மூத்திரம் மூத்திரமாகப் போயிற்று. பிறகு பாதம் எரிய ஆரம்பித்தது, கங்கில் நிற்கிற மாதிரி. "வலிக்குதா? சந்தோஷப்படு, நரம்பு முழிச்சிருச்சு" என்றார் டிரசர். குழந்தையின் உதட்டில் நீலம் போயிற்று. மூச்சு சீரானது. ஆனால் குரல் வரவில்லை. "பால் குடுக்கட்டுமா ஐயா?" என்று நான் கேட்கும்போதெல்லாம், "சத்தம் வரட்டும். வந்த பொறகும் நான் பாத்துட்டுத்தான் சொல்லுவேன்" என்பார். ஒவ்வொரு முறை அது வாயைத் திறக்கும்போதும் அண்ணியும் நானும் குனிந்து காதை வைப்போம்.

மழை விட்டிருந்த ஒரு மத்தியானம். டிரசர் வெளியூர்த் தோட்டத்துக்குப் போயிருந்தார். குழந்தை பசித்து விழித்தது. வாயைத் திறந்தது. முதலில் பூனை கமறுகிற மாதிரி ஏதோ வந்தது. அப்புறம் உடைந்துகொண்டு வந்தது, ஒரு வீறல். வார்டு முழுக்கக் கேட்டது. படுத்திருந்தவர்கள் தலையைத் தூக்கினார்கள். அண்ணி கொட்டகையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார். "அழுவுறா புள்ள! அழுவுறா!" என்று மாரில் அடித்துக்கொண்டு சிரித்தார். நான் குழந்தையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அழட்டும், இன்னும் அழட்டும் என்று அதன் வாயையே பார்த்தேன்.

"அதோட வாயப் பொத்துங்க."

தெய்வானைதான். சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

குழந்தை இன்னும் பலமாக வீறிட்டது.

"பொத்துங்கன்னு சொல்றேன்ல!" என்று இரண்டு கையாலும் காதை அடைத்துக்கொண்டாள்.

பிள்ளையின் வாயைப் பொத்த எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். அதற்கு டிரசர் இன்னும் உத்தரவு கொடுக்கவில்லை. அண்ணி வந்து குழந்தையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, தெய்வானையின் பக்கம் திரும்பாமல், குனிந்த தலையோடு வெளியே ஓடினார். கிணற்றடி, கொட்டகை, அதற்கும் அப்பால் ரப்பர் மரங்களுக்குள். எவ்வளவு தூரம் கொண்டுபோனாலும் அந்தக் குரல் கேட்டது. இத்தனை நாள் இல்லாமலிருந்ததையெல்லாம் சேர்த்து வைத்து அழுகிற மாதிரி அழுதது.

என் மார் இரண்டும் சுரந்தன. பிழியாமலேயே ரவிக்கை நனைந்து வயிற்றில் வழிந்தது. குழந்தை அழுதால் பெற்றவளுக்குத் தன்னால் அப்படி வரும். துணியைப் பிழிந்துகொண்டு தலையைத் தூக்கினேன். தெய்வானை எழுந்து உட்கார்ந்திருந்தாள். காதை அடைத்திருந்த கைகளை எடுத்துவிட்டு, குனிந்து தன் ரவிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் நனைந்திருந்தது.